கதவைக் கழற்றச் சொன்ன நர்சம்மா

போன மாதம் செஞ்சியில் நான் வேலை பார்த்த பழைய தாய்சேய் மையத்துக்குப் போயிருந்தேன். புதிதாகப் பிரசவ மேசை வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று அங்கிருக்கும் நர்சுகள் கூப்பிட்டிருந்தார்கள். காலால் ஒரு மிதி மிதித்தால் மேசை ஏறுகிறது. இன்னொரு மிதிக்கு இறங்குகிறது. நானும் ஆசைக்கு நாலு தடவை மிதித்துப் பார்த்தேன். அப்போது ஒருத்தி, அந்தக் காலத்தில் எல்லாம் தரையில் பாயைப் போட்டுத்தானே பிரசவம், நாள் முழுக்க எப்படிக் குனிந்தீர்கள் என்று கேட்டாள். நான் குனியவே இல்லை என்றேன். வயதானவள் வேடிக்கை பேசுகிறாள் என்று சிரித்துவிட்டுக் காபி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அது வேடிக்கை இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டு, ஆபரேஷன் செய்த இடத்திலேயே மறுபடியும் டிஸ்க் பிதுங்கி, இடுப்பை மடக்க முடியாத ஒரு மிட்வைஃப் செஞ்சி வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்தாள். அவள் நான்தான். எப்படிப் பார்த்தேன் என்பதைக் காபிக்குப் பதிலாக எழுதித் தருகிறேன்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றரை வருஷம். கை கழுவக் கற்றுக்கொண்டேன், கத்தரிக்கோலைக் கொதிக்க வைக்கக் கற்றுக்கொண்டேன், தூங்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். எப்படிக் குனிய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் நான் ஐந்தடி ஒன்பது அங்குலம். செஞ்சிப் பையன்கள் எனக்கு வைத்திருந்த பெயர் ராஜகிரி. கோட்டை மலைகளில் அதுதான் உயரம்.

இவ்வளவு உயரமானவள் தரையில் கிடக்கும் பெண்ணுக்கு மணிக்கணக்கில் குனிந்து நின்றால் முதுகு என்னாகும் என்று இப்போது யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் என் முதுகு பிரசவத்தில் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தேன். தும்மல் வந்தது. தும்மினேன். அவ்வளவுதான். இடுப்பிலிருந்து இடது கால் கட்டைவிரல் வரை யாரோ சூட்டுக்கோலை வைத்து இழுத்த மாதிரி இருந்தது. கேட்டவர்களிடம் எல்லாம் இரட்டைப் பிரசவம் ஒன்றில் ஆனது என்று சொல்லிவைத்தேன். தும்மலில் போனது என்று சொன்னால் யார் மதிப்பார்கள்?

மதராஸில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கிறது, அதன் உள்ளே இருப்பது பிதுங்கி வந்து காலுக்குப் போகும் நரம்பை நசுக்குகிறது, பிதுங்கியதை எடுத்துவிட்டோம் என்று டாக்டர் சொன்னார். ஒரு மாதம் பலகையில் அசையாமல் கிடந்துவிட்டு, உடல் தகுதிச் சான்றிதழோடு வேலையில் சேர்ந்தேன். ஏழெட்டு மாதம் நன்றாக இருந்தேன். பிறகு ஒருநாள் கீழே விழுந்த ஊக்கு ஒன்றை எடுக்கப் போனேன். பழைய சூட்டுக்கோல் வந்துவிட்டது. மலையைப் புரட்டிப் போட்டு முதுகு போனால் ஒரு பெருமை இருக்கும். முதல் தடவை தும்மல், இரண்டாவது தடவை ஊக்கு.

மறுபடி மதராஸ் போனேன். அதே டாக்டர். இன்னொரு தடவை ஆபரேஷன் செய்யலாம், ஆனால் முதல் தழும்பு நரம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும், நல்லதும் ஆகலாம், கால் தொங்கியும் போகலாம் என்றார். பாதம் வலுவிழந்தால் உடனே வரவேண்டும். மற்றபடி கட்டைப் பலகையில் படு, பெல்ட்டைக் கட்டு, எதையும் தூக்காதே, இடுப்பை மடக்காதே, முட்டியை மட்டும் மடக்கு. இவ்வளவும் சொன்ன பிறகு என்ன வேலை பார்க்கிறாய் என்று நினைவு வந்தவராகக் கேட்டார். சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்த வேலையை விட்டுவிடு என்றார். சரிங்க டாக்டர் என்று சொல்லிவிட்டு, ஊருக்கு வந்து திங்கட்கிழமை காலை டியூட்டிக்குப் போனேன்.

ஏன் போனேன் என்றால், எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வேறு காரணம் தேடினால் கிடைக்கும், ஆனால் இதுதான் உண்மை. வலி திரும்பிவிட்டது என்று அலுவலகத்துக்குத் தெரிந்தால் மருத்துவக் குழு முன்னால் நிறுத்துவார்கள்; தகுதியில்லை என்று எழுதினால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தவர் ஒரே ஒருவர், என் வீட்டுக்காரர் கோவிந்தன்.

அவர் செஞ்சிக் கடைத்தெருவில் தையல்காரர். மதராஸில் கொடுத்த பெல்ட் ஒரே கோடையில் இற்றுப்போய்விட்டது. சுற்றிலும் பாறை மலைகள் இருக்கும் ஊர். சித்திரை மாதத்தில் அந்தப் பாறைகள் பகலில் வாங்கிய வெயிலைச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும். வியர்வையில் எந்தப் பெல்ட் நிற்கும்? அவர் பழைய பெல்ட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கூடாரத் துணியில் புதிதாக ஒன்று தைத்தார். உள்ளே கம்பிக்குப் பதிலாக உடைந்த குடையின் கம்பிகள். நான் திரும்பினால் கிறீச்சென்று சத்தம் வரும். போகிற இடத்தில் எல்லாம் நான் கதவையும் சன்னலையும் திரும்பிப் பார்த்து, எண்ணெய் போடக்கூடாதா என்று சொல்லிச் சமாளிப்பேன்.

ஏமாற்ற முடியாத ஆள் என்று நான் பயந்தது எங்கள் ஹெல்த் விசிட்டர் கிரேஸ் அம்மாளைத்தான். வட்டாரத்து மிட்வைஃப்கள் எல்லோரும் அவருக்குக் கீழே. பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். வெள்ளைப் புடவை, வலது கையில் எப்போதும் மடித்துச் சுற்றிய வெள்ளைக் கைக்குட்டை. சத்தம் போடமாட்டார். கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும்; முழுக் கோபம் வந்தால் உதடு மட்டும்தான் அசையும். அலுவலகத் தமிழில் பேசிக்கொண்டே வந்து, கோபத்தில் ஊர்த் தமிழுக்குப் போய்விடுவார்.

மாதம் ஒருமுறை பைச் சோதனை. எங்கள் பையைத் தரையில் வைத்து, பொருள்களை வரிசையாக எடுத்து விரிக்க வேண்டும். முதலில் நகத் தூரிகையும் சோப்பும், பிறகு ரப்பர் ஷீட், கத்தரிக்கோல், தொப்புள்கொடி கட்டும் நூல், குழந்தையின் கண்ணுக்குச் சொட்டு மருந்து, வயிற்றில் வைத்து இதயத்துடிப்பு கேட்கும் மரக்குழல், கடைசியில் தராசு. வரிசை தப்பினால் எல்லாவற்றையும் உள்ளே போட்டு மறுபடி தொடங்க வேண்டும். கிரேஸ் அம்மாள் எதையும் தொடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, திற, திருப்பு, பிரி என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்வார். மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்ப்பார்.

மற்றவர்கள் குனிந்து விரிப்பார்கள். நான் முதுகை ஆணியடித்த மாதிரி நிமிர்த்தி வைத்துக்கொண்டு, முதலில் ஒரு முட்டி, பிறகு இன்னொரு முட்டி என்று ஒட்டகம் உட்காருகிற மாதிரி இறங்குவேன். முதல் தடவை பார்த்ததும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பைக்கு முன்னால ஜெபமா பண்ணுத?" என்று கேட்டார். ஆமாம் அம்மா என்றேன். அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. அடுத்த மாதம் மற்ற மிட்வைஃப்களையும் மண்டியிட்டு விரிக்கச் சொன்னார். அவர்கள் என்னைத் திட்டியது எனக்குக் கேட்டது.

மண்டியிட்டுப் பைச் சோதனையைச் சமாளிக்கலாம். மணிக்கணக்கில் நடக்கும் பிரசவத்தை முடியாது. அதற்கு வழி தற்செயலாகக் கிடைத்தது. அனந்தபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்து வீட்டுக்குப் போயிருந்தபோது, கரையான் அரித்த கதவு ஒன்றைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதை இரண்டு உரல்களின் மேல் படுக்க வைக்கச் சொன்னேன். அசையாமல் இருக்கப் பக்கத்துக்கு ஒரு நெல் மூட்டை. அதன்மேல் பாயும் ரப்பர் ஷீட்டும். பிள்ளை பெறுகிறவளை அதில் ஏற்றினால், சின்ன முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். வலியில்லாமல் நான் பார்த்த முதல் பிரசவம் அது. வலியில்லாமல் என்றால் எனக்கு.

அடுத்த வீட்டில் கதவு கழன்று கிடக்கவில்லை. கழற்றச் சொன்னேன். பழைய வீட்டுக் கதவுகள் கீல் இல்லாதவை, குழியில் குடுமி நிற்கிறவை, இரண்டு ஆள் தூக்கினால் வந்துவிடும். எதற்கு என்று கேட்பார்களே, என்ன சொல்வது என்று நான் யோசிப்பதற்குள், அந்த வீட்டு அம்மாவே எல்லோருக்கும் விளக்கம் சொல்லிவிட்டார். "பொட்டியத் தொறந்தா, பூட்டைத் தொறந்தா புள்ள சுளுவா வரும்னுவாங்க இல்ல? நர்சம்மா கதவையே கழட்டச் சொல்றாங்க. பெரிய படிப்புடி இது."

நான் ஒன்றும் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு கழற்றச் சொல்கிற வேலையே எனக்கு இல்லை. நான் தெருமுனையில் திரும்பும்போதே கதவைக் கழற்றி வைத்துவிடுவார்கள். ஒருமுறை பல் வலிக்கு மருந்து கொடுக்கப் போன வீட்டில்கூடக் கழற்றிவிட்டார்கள்.

புகழ் வந்தால் புகாரும் வரும். செஞ்சி நர்சு மூடநம்பிக்கையைப் பரப்புகிறார் என்று யாரோ எழுதிப்போட, அந்தக் கடிதத்தோடு ஒரு நாள் காலையில் கிரேஸ் அம்மாள் மையத்துக்கு வந்து நின்றார். கதவை ஏன் கழற்றச் சொல்கிறாய் என்று கேட்டார். குரல் ஏற்கெனவே பாதி இறங்கியிருந்தது. உண்மையைச் சொன்னால் முதுகு வெளியே வந்துவிடும், சொல்லாவிட்டால் மந்திரக்காரி. வெளிச்சம் வருவதற்காக அம்மா என்றேன். வெளிச்சத்துக்காகக் கழற்றிய கதவின் மேல் எதற்காகப் பெண்ணைப் படுக்க வைக்கிறாய் என்றார்.

அந்த நேரத்தில் ஒரு மாட்டுவண்டி வந்து வாசலில் நின்றது. அவலூர்பேட்டை சாலையில் ஐந்து மைல் போய் உள்ளே இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து, ஜைனக் குடும்பத்து நயினார் ஒருவர் ஆள் அனுப்பியிருந்தார். மருமகள் விமலாவுக்கு முதல் பிரசவம், விடியற்காலையிலிருந்து வலி. நல்லது, நானும் வருகிறேன், நீ செய்கிறதைக் கண்ணால் பார்க்கிறேன் என்றார் கிரேஸ் அம்மாள்.

மாட்டுவண்டி என் முதுகுக்கு எமன். வழக்கமாக, வண்டியில் உட்கார்ந்தால் எனக்குக் குமட்டும் என்று சொல்லிப் பின்னாலேயே நடந்து போய்விடுவேன். அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொல்ல வாயைத் திறந்தேன். "ஏறு" என்றார். ஏறினேன். இரண்டு மணி நேரம். வழியில் இருந்த ஒவ்வொரு கல்லும் என் இடது கால் கட்டைவிரலில் வந்து பேசியது. அம்மாள் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் மோசம்.

வீடு சுத்தமாக இருந்தது. விமலா இருபது வயதுப் பெண். பயந்திருந்தாள், ஆனால் சொன்னதைக் கேட்டாள். கை கழுவினேன். முழங்கை வரை, நகத் தூரிகை போட்டு, ஒவ்வொரு விரலாக. கிரேஸ் அம்மாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார். பாயருகே ஒட்டகமாக இறங்கி வயிற்றைத் தடவினேன். மேலே, விலா எலும்புக்குக் கீழே, தேங்காய் மாதிரி கெட்டியாக உருண்டையாக ஒன்று கையில் தட்டியது. மரக்குழலை வைத்தேன். துடிப்பு தொப்புளுக்கு மேலே கேட்டது. உள்ளே பரிசோதித்தபோது சந்தேகம் போய்விட்டது. தலை மேலே, புட்டம் கீழே. தலைகீழாக வர வேண்டிய குழந்தை உட்கார்ந்த மாதிரி வந்துகொண்டிருந்தது.

அம்மாளை வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று நயினார் கேட்டார். வண்டியில் இரண்டு மணி நேரம் ஆகும். குழந்தை அதற்கு முன்னால் வந்துவிடும், அதுவும் வண்டியில். போக முடியாது என்று அம்மாள் சொல்லிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "புட்டம் வந்தா பிள்ளை தன் கனத்துல தொங்கணும். தரையில போட்டா எங்கட்டித் தொங்கும்? உயரம் வேணும்." நெல் அறைப் பக்கம் பார்த்தார். "உன் கதவைக் கழட்டச் சொல்லு."

புகார்க் கடிதம் அவர் பையில் இருந்தது. நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல் நயினாரிடம் சொன்னேன். நெல் அறைக் கதவு, பலா மரம். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உரல்கள் கவிழ்ந்தன, மூட்டைகள் வந்தன, பாய் விரிந்தது. ரப்பர் ஷீட்டைப் போட்டேன். அதன் ஒரு முனை நழுவிக் கீழே இறங்கியது. அவ்வளவு நாளாகக் கட்டிக்காத்த விதியை ஒரு நொடி மறந்து, குனிந்து அதைப் பிடித்தேன்.

மின்சாரம் தாக்கினால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. கண் இருட்டி விலகியபோது நான் கதவுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தேன். கைகள் நன்றாக இருந்தன. இடுப்புக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்கவில்லை. அதற்குள் மாமியாரும் இன்னொரு பெண்ணும் விமலாவைக் கதவின் மேல் ஏற்றி, விளிம்பு வரை நகர்த்திவிட்டார்கள். வலி நெருங்கி நெருங்கி வந்துகொண்டிருந்தது.

இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை. அம்மாளிடம் மெதுவாகச் சொன்னேன். "எனக்கு முதுகு வலி திரும்பவும் வந்துடுச்சிம்மா. ஒரு வருஷமா சொல்லாம மறைச்சிட்டேன். என்னால எழுந்திரிக்க முடியல. நீங்க பாருங்க."

அவர் வலது கையில் சுற்றியிருந்த கைக்குட்டையை அவிழ்த்தார். விரல் மூட்டுகள் எல்லாம் வீங்கி, பக்கவாட்டில் சாய்ந்திருந்தன. கட்டைவிரல் மடங்கவில்லை. இடது கை அதைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். "நாலு வருசமா இந்தக் கையால ஒரு ஊசியக்கூடப் பிடிச்சதில்ல" என்றார். "நான் எப்படிட்டிப் பாப்பேன்?"

பையை மோந்து பார்க்கிற அம்மாள், எதையும் தொடாத அம்மாள். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விமலா கத்தினாள். அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பின்னால் வந்தார். ஒரு காலை ஊன்றி, இன்னொரு முழங்காலை என் இடுப்பில் அழுத்தமாகக் கொடுத்தார். இரண்டு கைகளையும் என் அக்குளுக்குக் கீழே விட்டு நிமிர்த்தினார். பெல்ட் கிறீச்சென்றது. "முதுகை எங்கிட்ட விடு" என்றார். "கையை நீ பாத்துக்கோ."

புட்டம் வரும் பிரசவத்தில் மிகவும் கஷ்டமான வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. இழுத்தால் குழந்தையின் கை மேலே போய்விடும், தலை நிமிர்ந்து மாட்டிக்கொள்ளும். அதனால் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். முதலில் புட்டம் வந்தது, பிறகு கால்கள் தாமாக இறங்கின. பெண் குழந்தை. தொப்புள் தெரிந்ததும் கொடியை ஒரு விரலால் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். துடிப்பு இருந்தது. கையை மடியில் வைத்தேன். என் காதருகே அம்மாள், விடு, தொடாதே, விடு என்று உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அது கோபத்தினால் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

தோள்கள் வந்தன, ஒன்றன்பின் ஒன்றாகக் கைகள் வந்தன. இப்போது தலை மட்டும் உள்ளே. குழந்தை கதவின் விளிம்பில், தன் கனத்தில் தொங்கியது. பிடரியில் முடி தெரிகிற வரை தொங்க வேண்டும். அதற்கு முன்னால் தூக்கினால் கழுத்து போகும். நேரம் கழித்துத் தூக்கினால் மூச்சு போகும். நான் பார்த்ததிலேயே நீளமான நிமிஷம் அதுதான். முடி தெரிந்தது. இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துப் பிடித்து, மெதுவாக அரை வட்டமாக மேலே, தாயின் வயிற்றுப் பக்கம் தூக்கினேன். மண்டியிட்டிருந்ததால் என் கை போதிய உயரம் போகவில்லை. "இன்னும்" என்றேன். அம்மாள் முழங்காலால் என்னை ஓரங்குலம் மேலே தள்ளினார். வாய் வெளியே வந்தது. துடைத்தேன். மூக்கு வந்தது, நெற்றி வந்தது. பிறகு முழுத் தலையும் அவசரமில்லாமல் நழுவி வந்தது.

குழந்தை நீலமாக, துவண்டு கிடந்தது. வாயைச் சுத்தம் செய்து, பாதத்தைத் தேய்த்து, முதுகைத் தடவினேன். மறுபடியும் பாதத்தைத் தேய்த்தேன். குழந்தை ஒரு தும்மல் போட்டது. பிறகு அழுதது.

தும்மலின் மேல் எனக்கு இருந்த பழைய கோபம் அன்றோடு தீர்ந்தது.

கொடியை வெட்டி, நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா என்று சரிபார்த்து, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, எடை போட்டு எல்லாவற்றையும் மண்டியிட்டபடியே முடித்தேன். பிறகு அம்மாள் முழங்காலை எடுத்தார். நான் மடித்த குடை மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தேன். விமலாவைக் கீழே பாயில் படுக்க வைத்தபோது எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, "ரொம்ப வலிக்குதா நர்சம்மா?" என்று விசாரித்தாள். பிள்ளை பெற்றவள் கேட்கிறாள். கொஞ்சம் பொறுத்துக்கோங்க, சரியாய்ப்போயிடும் என்றும் சொன்னாள். அரை மணி முன்னால் நான் அவளுக்குச் சொன்னதுதான்.

மணி நாலு ஆகப்போகிறது, நீங்கள் செஞ்சி போய்ச் சேருவதற்குள் பொழுது போய்விடும், இப்போதே சாப்பிட்டாக வேண்டும் என்று மாமியார் பிடிவாதமாக நின்றார். அந்த வீட்டில் பொழுது சாய்ந்தால் யாரும் சாப்பிடுவதில்லை. விருந்தாளியும் இருட்டில் சாப்பிடக்கூடாது என்பது அவர் கட்சி. மல்லாந்து கிடந்த எனக்குப் பருப்பு சாதத்தை உருட்டி உருட்டி ஊட்டினார். கிரேஸ் அம்மாள் தூணில் சாய்ந்து, கரண்டியால் சாப்பிட்டார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

என்னை எப்படிக் கொண்டுபோவது என்று கேள்வி வந்தது. நயினார் யோசிக்கவே இல்லை. அதே கதவில் என்னைத் தூக்கிப் படுக்க வைத்து, அசையாமல் இரண்டு புடவையால் கட்டி, கதவோடு வண்டியில் ஏற்றிவிட்டார். அடியில் கனமாக வைக்கோல் போட்டதால் வந்த வழியைவிடத் திரும்பிய வழி சுகமாக இருந்தது. செஞ்சிக் கடைத்தெருவில் நுழையும்போது விளக்கு வைக்கிற நேரம். வண்டியில் ஒரு கதவு, அதன்மேல் கட்டிய உருவம், பக்கத்தில் வெள்ளைப் புடவையில் ஒரு அம்மாள். கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்கள். எந்த ஊரும்மா என்று ஒருவர் பரிதாபமாக விசாரித்தார். இந்த ஊருதாங்க என்று நானே பதில் சொன்னேன். அவர் ஒரு கூடைத் தக்காளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் கழுத்தில் அளவுநாடாவோடு ஓடிவந்தார். என் முகத்தைப் பார்த்தார், கையைத் தொட்டார், கண் கலங்கினார். பிறகு கேட்டார். "பெல்ட் பிரிஞ்சிடுச்சா?" பிரியவில்லை என்றேன். அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

ஆறு வாரம் அந்தக் கதவின் மேலேயே கிடந்தேன். குணமான பிறகு அனுப்பினால் போதும் என்று நயினார் சொல்லிவிட்டார். அதுவரை அவர்கள் நெல் அறைக்குப் புடவைதான் கதவு. எலியை அடிக்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. அந்த ஆறு வாரம் அந்த ஊர் எலிகள் எப்படி வாழ்ந்திருக்கும் என்று படுத்துக்கொண்டே நினைத்துப் பார்ப்பேன். வலி மெல்ல மெல்லக் காலிலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து இடுப்புக்கும் ஏறி, ஒரு மூலையில் அடங்கியது. பாதம் வலுவிழக்கவில்லை; ஆபரேஷன் தேவைப்படவில்லை. இடது கால் கட்டைவிரலுக்கு மட்டும் இன்றுவரை சூடு தெரியாது.

மூன்றாவது நாள் கிரேஸ் அம்மாள் வந்தார். நீண்ட விடுப்புக்குக் காரணம் எழுத வேண்டும், பொய் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மருத்துவக் குழுவுக்கு அனுப்பினால் வேலை போய்விடும் அம்மா என்று கெஞ்சினேன். போகலாம் என்றார். எனக்குக் கோபம் வந்தது. உங்கள் கையைப் பற்றி மட்டும் யார் எழுதுவது என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார், கைக்குட்டையைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார்.

எழுந்து நடக்க ஆரம்பித்ததும் கடலூரில் ஜில்லா மருத்துவ அதிகாரி முன்னால் ஆஜராகச் சொல்லி உத்தரவு வந்தது. அம்மாளும் கூடவே வந்தார். அதிகாரி காகிதங்களைப் புரட்டிவிட்டு, குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னார். நான் ஒட்டகமாக இறங்கி, மண்டியிட்டு, கையைப் பின்னால் விட்டு விரலைத் தொட்டேன். இதற்குப் பெயர் குனிவதா என்று கேட்டார். குனிய வராது என்றேன். பிரசவம் பார்க்கிறவளுக்குக் குனிய வராது என்றால் எப்படி என்று அவர் பேனாவை எடுத்தார்.

கிரேஸ் அம்மாள் ஓரடி முன்னால் வந்தார். குரல் நன்றாக இறங்கியிருந்தது. "அவ கால் விரலை அவ எதுக்கு டாக்டர் தொடணும்? பிள்ளை அங்கயா வரும்?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அம்மாள் தாம் எழுதிக்கொண்டு வந்திருந்த அறிக்கையை நீட்டினார். உயரமான மேசை இருந்தால் இந்த மிட்வைஃப் எந்தப் பிரசவத்தையும் பார்ப்பாள், புட்டம் வந்த பிரசவத்தை என் முன்னால் பார்த்தாள், கிராமங்களுக்கு அனுப்பாமல் செஞ்சி மையத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. எழுத்து கோணல்மாணலாக இருந்தது, அவரே எழுதியிருக்கிறார். அதிகாரி இரண்டு தடவை படித்தார். என்னை நடக்கச் சொன்னார், குதிகாலில் நிற்கச் சொன்னார், காலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, மேசையோடு கூடிய பணிக்குத் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன். அம்மாள் நகரவில்லை. கைக்குட்டையை அவிழ்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். இரண்டு கைகளையும் அதிகாரியின் மேசைமேல் விரித்து வைத்தார். "இப்ப என்னைப் பாருங்க" என்றார்.

அடுத்த மாதமே அவரைக் கடலூரில் அலுவலக வேலைக்கு மாற்றிவிட்டார்கள். செஞ்சி மையத்துக்கு இடுப்பளவு உயரத்தில் மரமேசை ஒன்று வந்தது. அதில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். வலி அவ்வப்போது வரும், ஒரு வாரம் பலகையில் கிடத்தும், போகும்.

கடலூரிலிருந்து அன்று திரும்பிய பஸ்ஸில் கூட்டமில்லை. உட்கார்ந்தால் எனக்கு வலி. கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாளின் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். கண்டக்டர் வந்தார். "சீட்டெல்லாம் காலியா இருக்குது, இன்னாத்துக்கும்மா நின்னுக்கினு வரீங்க?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே டிக்கெட்டுகளைக் கிழித்து அம்மாளிடம் நீட்டினார். அவர் கையை நீட்டவில்லை.

"அவளுக்கு உக்கார வராது, எனக்குப் பிடிக்க வராது" என்றார். "ரெண்டையும் அவ கையிலயே குடும்."